பையைத் திருப்புங்கள்: நாய் உணவு வாங்கும் முன் படிக்க வேண்டிய பொடி எழுத்து

மிளகு தெருவில் கிடைத்தவள். நாட்டு நாய், கறுப்பு உடம்பு, வெள்ளைப் பாதம், இப்போது 18 கிலோ. இரண்டு வயதில் காதைச் சொறிய ஆரம்பித்தாள். பாதத்தை நக்கி நக்கி, வெள்ளை ரோமமெல்லாம் துருக்கறை பட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. உண்ணி, பூச்சி எதுவுமில்லை. "கோழி ஒத்துக்கலையோ என்னவோ, கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கம்மா" என்றார் கால்நடை மருத்துவர். நிறுத்தினேன். நிறுத்தியதாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

ஆட்டுக்குட்டிப் படம் போட்ட பை ஒன்று வாங்கினேன். சொறிச்சல் நிற்கவில்லை. மீன் படம் போட்ட பை வாங்கினேன். அதுவும் அப்படியே. மூன்றாவது முறை அந்த ஆட்டுக்குட்டிப் பையையே வண்டியில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். நான்காவது இடத்தில் சிக்கன் மீல். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஹைட்ரோலைஸ்டு சிக்கன் லிவர். "படம் ஆடு, பண்டம் கோழி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 5 மாதமும் ஏறக்குறைய 8,000 ரூபாயும் போயிருந்தன.

அதன்பிறகு நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முதல் நாய், முதல் பை என்று தொடங்குகிறவர்களுக்காக எழுதியது. போனில் கால்குலேட்டரும், பொடி எழுத்தைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்க கேமராவும் இருந்தால் போதும்.

1. கடைக்குக் கிளம்பும் முன்: எடையும் கலோரியும்

முதலில் நாயின் எடை. வீட்டு எடை மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை நின்று கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத நாய் என்றால் கிளினிக் மெஷினில் ஏற்றி நிறுத்திவிடலாம்.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை என்ற கணக்கு. எடையை மூன்று முறை தன்னாலேயே பெருக்கி, இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்க வேண்டும். மிளகுக்கு 18 × 18 × 18 = 5,832. ஒரு முறை வர்க்கமூலம் 76.4, இன்னொரு முறை 8.74. அதை 70-ஆல் பெருக்கினால் 612. சும்மா படுத்துக் கிடக்கவே இவ்வளவு கலோரி வேண்டும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 980. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 3-ஆலும், அதற்கு மேல் வளரும் குட்டிக்கு 2-ஆலும் பெருக்குவார்கள். இது தொடக்கக் கணக்குதான். நாளெல்லாம் சோபாவில் கிடக்கும் நாய்க்கு இவ்வளவு வேண்டாம். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், 5-ஆம் படியில் வேண்டியிருக்கும்.

2. முன்பக்கத்துக்கு அரை நிமிடம் போதும்

பிரீமியம், சூப்பர் பிரீமியம், ஹோலிஸ்டிக், நேச்சுரல். இந்தச் சொற்களை அச்சிட நம் நாட்டில் நாய் உணவு நிறுவனம் எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. "அக்கா, இது சூப்பர் பிரீமியம்க்கா" என்று கடைப் பையன் சொன்னால், விலை அதிகம் என்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையைத் தேடி ஏமாற வேண்டாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கானது, விலங்குத் தீவனம் அதில் வராது. நாய், பூனை உணவுக்கென்று இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 11968 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. ஆனால் அது கட்டாயமில்லை. வெளிநாட்டுப் பையாக இருந்தாலும் உள்நாட்டுப் பையாக இருந்தாலும், பெரும்பாலானவை அமெரிக்காவின் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அமைப்பின் சத்து அளவுகளையோ ஐரோப்பாவின் ஃபெடியாஃப் அளவுகளையோதான் சொல்லிக்கொள்கின்றன.

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியது பெயருக்கு இடையில் நிற்கும் சின்னச் சொல்லைத்தான். அமெரிக்க முறைப்படி "சிக்கன் டாக் ஃபுட்" என்றால் சேர்க்கும் தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். "சிக்கன் டின்னர்", "சிக்கன் ரெசிபி" என்றால் 25 சதவீதம். "வித் சிக்கன்" என்றால் 3 சதவீதம் போதும். "சிக்கன் ஃபிளேவர்" என்றால் நாய்க்கு வாசனை தெரிந்தால் சரி, அளவே கிடையாது. நம் ஊரில் இது சட்டமில்லை என்றாலும், அந்த அமைப்பின் பெயரைப் பையில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதே பெயர் வழக்கத்தில்தான் போகிறார்கள். நான் வாங்கிய ஆட்டுக்குட்டிப் பை "வித் லேம்ப்". அந்த "வித்" மட்டும் பொடி எழுத்தில் இருந்தது.

3. பொருள் பட்டியலை நான்கு தடவை படியுங்கள்

"இன்கிரீடியன்ட்ஸ்" என்று தொடங்கும் பத்திதான் பையின் ஜாதகம். எது எடையில் அதிகமோ அது முதலில், குறைந்தது கடைசியில். ஒரே மூச்சில் படித்தால் ஒன்றும் மனசில் நிற்காது. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் தேடுங்கள்.

முதல் தடவை, தண்ணீரைத் தேடுங்கள். பட்டியலில் இருக்கும் எடை, பொருட்களைக் கலக்கும்போது இருந்த எடை. பச்சைக் கோழியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். 30 கிலோ கோழியையும் 25 கிலோ அரிசியையும் கலந்தால் பட்டியலில் கோழி முதலில் வரும். வேகவைத்துக் காயவைத்து உருண்டையாக வரும்போது அந்த 30 கிலோ கோழி சுமார் 10 கிலோவாகச் சுருங்கியிருக்கும், அரிசி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆக பைக்குள் முதலிடம் அரிசிக்கு. "சிக்கன் மீல்" என்பது வேறு. சதையும் எலும்பும் சேர்த்து வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, தண்ணீரை வற்றவைத்து அரைத்த மாவு அது. புரதம் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பச்சைக் கோழி முதலிடத்தில் இருக்கும் பையைவிட, சிக்கன் மீல் முதலிடத்தில் இருக்கும் பையில் கோழிச் சத்து அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. "மீல்" என்றாலே மட்டம் என்று இணையத்தில் சொல்வதை நானும் நம்பியிருந்தேன்.

இரண்டாம் தடவை, ஒரே பொருள் எத்தனை பெயரில் வருகிறது என்று பாருங்கள். கார்ன், கார்ன் குளூட்டன், கார்ன் ஃபிளோர் எல்லாமே மக்காச்சோளத்தின் பிள்ளைகள். கோதுமை, கோதுமைத் தவிடு, வீட் குளூட்டன் ஒரு குடும்பம். பட்டாணி, பீ புரோட்டீன், பீ ஃபைபர் இன்னொன்று. மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கோழிக்குக் கீழே போய்விடும், கூட்டினால் கோழியைவிட மேலே வரும். பென்சிலால் ஒரே குடும்பத்தையெல்லாம் வட்டமிடுங்கள். முதல் ஆறு பொருளில் ஒரே குடும்பம் மூன்று முறை வந்தால் அந்தப் பை உண்மையில் அந்தத் தானியப் பைதான். தானியம் விஷமில்லை, வெந்த மாவுச்சத்து நாய்க்கு நன்றாகவே செரிக்கும். தானிய விலைக்குக் கிடைக்க வேண்டியதற்குக் கறி விலை கொடுக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

மூன்றாம் தடவை, பெயரில்லாதவர்களைத் தேடுங்கள். "சிக்கன் ஃபேட்" என்றால் எந்த விலங்கு என்று தெரிகிறது. "அனிமல் ஃபேட்", "மீட் அண்ட் போன் மீல்", "போல்ட்ரி பை-பிராடக்ட்ஸ்", "சீரியல்ஸ் அண்ட் சீரியல் பை-பிராடக்ட்ஸ்" என்றால் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் சந்தையில் எது மலிவோ அது. பட்டியலை மாற்றாமலே உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ள அந்தப் பொதுப்பெயர் இடம் கொடுக்கிறது. அலர்ஜி இல்லாத நாய் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். அலர்ஜி நாய்க்கு இப்படிப்பட்ட பையே வேண்டாம்.

இங்கே "பை-பிராடக்ட்" பற்றி ஒரு வார்த்தை. ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம், குடல் இவைதான் பெரும்பாலும் அது. வெள்ளைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்காக, சுவரொட்டியை மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடும் நாமும் சுளிக்க வேண்டியதில்லை. எந்த விலங்கின் பை-பிராடக்ட் என்று எழுதியிருந்தால் எனக்குச் சம்மதம்.

நான்காம் தடவை, உப்பைத் தேடுங்கள். உலர் உணவில் சேர்க்கும் உப்பு பொதுவாக 1 சதவீதத்துக்குள்தான். ஆகவே பட்டியலில் உப்புக்குப் பின்னால் நிற்கும் எதுவும் அதைவிடக் குறைவு. முன்பக்கத்தில் படமாக மின்னிய மஞ்சள், புளூபெர்ரி, கீரை, முருங்கையெல்லாம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 10 கிலோ பையில் ஒரு சிட்டிகை முருங்கைப் பொடிக்காக 150 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

உப்புக்குப் பின்னால் வாய்க்குள் நுழையாத பெயர்கள் வரிசையாக வரும். கோலின் குளோரைடு, டி.எல். மெத்தியோனின், டாரின், ஜிங்க் சல்பேட், தயமின், பயோட்டின். பெயர் பயமுறுத்தும், ஆனால் வைட்டமின், தாது, அமினோ அமிலங்கள்தான். இவை இல்லாத பையைப் பார்த்தால்தான் பயப்பட வேண்டும். "பீட் பல்ப்" என்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கு அல்ல, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் சர்க்கரை பீட்டின் நார். மலம் கட்டியாகப் போக உதவும்.

கோழி ஒத்துக்கொள்ளாத நாய் வைத்திருப்பவர்களுக்கு: சிக்கன், சிக்கன் மீல், போல்ட்ரி, சிக்கன் லிவர், டைஜெஸ்ட், பேலட்டன்ட், நேச்சுரல் ஃபிளேவர் எல்லாவற்றையும் தேடுங்கள். உருண்டையின் மேல் வாசனைக்காகத் தெளிக்கும் பூச்சு பெரும்பாலும் கோழி ஈரலிலிருந்து வருவது. ஆட்டுப் பையும் மீன் பையும் என்னைக் கவிழ்த்தது இந்த இடத்தில்தான்.

4. சத்து அட்டவணை: தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்

நான்கு எண் இருக்கும். க்ரூட் புரோட்டீன், க்ரூட் ஃபேட் இரண்டும் குறைந்தபட்ச அளவு. க்ரூட் ஃபைபர், மாய்ஸ்சர் இரண்டும் அதிகபட்ச அளவு. "க்ரூட்" என்றால் மட்டமானது என்று பொருளல்ல, அளக்கும் முறையின் பெயர். நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். அது செரிக்குமா என்று அந்த எண் சொல்லாது. செருப்புத் தோலை அளந்தாலும் புரதம் ஏராளமாகக் காட்டும். அதனால்தான் பொருள் பட்டியலை முதலில் படிக்கச் சொன்னேன்.

உலர் உணவையும் கிரேவி பாக்கெட்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. கிரேவியில் புரதம் 8, ஈரம் 82 என்று இருந்தால் காய்ந்த பொருள் 18 மட்டுமே. 8-ஐ 18-ஆல் வகுத்தால் 44 சதவீதம். உலர் உணவில் புரதம் 24, ஈரம் 10 என்றால் 24-ஐ 90-ஆல் வகுக்க, 27 சதவீதம். கிரேவி ஜெயித்துவிட்டது என்று துள்ள வேண்டாம். அந்த 80 கிராம் பாக்கெட்டில் சாப்பாடு 14 கிராம்தான், மீதி தண்ணீர். மாத்திரையை ஒளித்துக் கொடுக்க நல்லது. அதையே சாப்பாடாகக் கொடுத்து மாதம் ஓட்டுவது பணக்காரர் வேலை.

தண்ணீர் கழித்த கணக்கில் வளர்ந்த நாய்க்குப் புரதம் 18, கொழுப்பு 5.5 சதவீதமாவது வேண்டும் என்பது ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அளவு. குட்டிக்கும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 22.5, 8.5. இது அடிமட்டக் கோடு. சந்தையில் இருக்கும் பெரும்பாலான பைகள் இதற்கு மேலேதான்.

மாவுச்சத்தைப் பையில் போட மாட்டார்கள். நீங்களே போட்டுக்கொள்ளலாம்: 100-லிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கழியுங்கள். சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பலைக் கலப்பதில்லை, எரித்தால் மிஞ்சும் தாது. எண் இல்லையென்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. கிலோ விலையைப் பார்க்காதீர்கள், நாள் விலையைப் பாருங்கள்

கலோரி அளவு பையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் புரதத்தை 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் மாவுச்சத்தை 3.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று வரும்.

ஒரு பை: புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12, சாம்பல் 8, மாவுச்சத்து 45. கலோரி 312. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பை: புரதம் 26, கொழுப்பு 16, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8, மாவுச்சத்து 36. கலோரி 353. கிலோ 420 ரூபாய். மிளகுக்கு 980 கலோரி வேண்டும். முதல் பையில் ஒரு நாளுக்கு 314 கிராம், 94 ரூபாய். இரண்டாவதில் 278 கிராம், 117 ரூபாய். கடையில் 40 சதவீதம் அதிகமாகத் தெரிந்த விலை, தட்டில் 25 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மலமும் குறைந்தால், அதை அள்ளுகிறவருக்கு அது தனி லாபம்.

பையிலேயே அச்சிட்ட உணவளவு அட்டவணை பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். பாதிக்குப் பாதி வீடுகளில் அதோடு தயிர்சாதமும் பிஸ்கட்டும் வேறு போகும். வெளித்தீனி எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடைமெஷின் இல்லாத வீட்டுக்கு விலாதான் அளவுகோல். மூடிய முஷ்டியின் மேல் கணுவைத் தடவிப் பாருங்கள், விலா அப்படித் துருத்தினால் நாய் மெலிவு. விரல் நீட்டிய புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுமே, அப்படி இருந்தால் சரி. உள்ளங்கை மேட்டைப் போல எலும்பே தெரியாவிட்டால் சோற்றைக் குறையுங்கள்.

6. "கம்ப்ளீட்" என்ற ஒரு சொல்

"கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்று இருந்தால் மட்டுமே அதை முழுச் சாப்பாடாகக் கொடுக்கலாம். "காம்ப்ளிமென்டரி", "ட்ரீட்", "டாப்பர்", "ஃபார் இன்டர்மிட்டன்ட் ஃபீடிங்" என்றால் தொட்டுக்கொள்ள மட்டும். நான் பார்த்த கிரேவி பாக்கெட்டுகளிலும் ஜெர்க்கிகளிலும் பல இந்த இரண்டாம் வகை.

பக்கத்திலேயே எந்த வயதுக்கு என்றும் இருக்கும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் மாதிரிப் பெரிய இனக் குட்டி வைத்திருப்பவர்கள் கால்சியம் எண்ணைத் தேடுங்கள். தண்ணீர் கழித்த கணக்கில் 1.2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 1.8-ஐத் தாண்டக் கூடாது. "எலும்பு பலமாகும்" என்று இதன் மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் கூடினால்தான் எலும்பு கோணும். மருத்துவர் எழுதித் தராமல் டானிக் வேண்டாம்.

"கிரெயின் ஃப்ரீ" பற்றி: நாய்களுக்கு உணவு அலர்ஜி தருவதில் முன்வரிசையில் நிற்பவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. தானியம் முழுவதையும் விலக்குவதால் கோழி அலர்ஜி போய்விடாது. பட்டாணியும் பருப்பும் நிறைந்த தானியமில்லா உணவுக்கும் ஒருவகை இதய வீக்கத்துக்கும் தொடர்புண்டா என்று அமெரிக்க உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் ஆராயத் தொடங்கியது. காரணம் நிரூபணமாகவில்லை. மருத்துவர் சொல்லாமல் அந்தப் பக்கம் போக எனக்குத் தேவை தோன்றவில்லை.

7. கெடாமல் வைக்கும் பொருளும் நிறமும்

கொழுப்பு காறாமல் இருக்க ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். "மிக்ஸ்டு டோக்கோஃபெரால்" என்றால் வைட்டமின் இ, "ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட்" மூலிகைச் சாறு. பி.எச்.ஏ., பி.எச்.டி. இரண்டும் செயற்கை, அளவோடு அனுமதிக்கப்பட்டவை. எத்தாக்சிகுயினை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தீவனத்தில் நிறுத்திவைத்தது, அந்தப் பெயர் இருந்தால் நான் பையை வைத்துவிடுவேன். "பெர்மிட்டட் ஆன்டிஆக்சிடன்ட்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். நான் மூன்று நிறுவனங்களுக்குப் போட்டேன். ஒன்று இரண்டே நாளில் முழு விவரம் தந்தது. ஒன்று நன்றி மட்டும் சொன்னது. மூன்றாவது இன்னும் பதில் போடவில்லை.

சிவப்பு, பச்சை உருண்டையெல்லாம் நமக்காக. நாய்க்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது.

ட்ரீட் பாக்கெட்டிலும், நாய்க்குக் கொடுக்கும் வேர்க்கடலை வெண்ணெயிலும் சைலிட்டால் என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். மனிதர்களுக்கான சர்க்கரையில்லா இனிப்பு அது. நாய்க்குக் கொஞ்சமே போதும், ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும்.

8. தேதி, பை அளவு, பில்

பையில் இருக்க வேண்டியவை: தயாரித்த மாதம், ஆண்டு, பேட்ச் எண், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த விலை, தயாரித்தவரின் முகவரி, புகாருக்கான தொடர்பு. இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கர் பழைய தேதியின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பை பெரும்பாலும் காலாவதிக்குப் பக்கத்தில் நிற்பது. வந்ததும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

பெரிய பை கிலோவுக்கு மலிவு என்ற ஆசையில் நான் 20 கிலோ வாங்கினேன். நாளுக்கு 314 கிராம் என்றால் 63 நாள் வரும். திருச்சி மே மாதத்தில் திறந்த பை இரண்டு மாதம் தாங்காது. ஆறாம் வாரமே பழைய எண்ணெய் வாடை அடித்து, மிளகு மோந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். திறந்தால் ஒரு மாதத்தில், அதிகம் போனால் ஆறு வாரத்தில் தீரும் அளவே வாங்குங்கள். டப்பாவில் கொட்ட வேண்டாம், பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவின் சுவரில் படியும் பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும். பையோடு வைத்தால் பேட்ச் எண்ணும் கைவசம் இருக்கும்.

லூஸில் வாங்காதீர்கள். மூட்டை எப்போது திறந்தது, என்ன தேதி, எந்த நிறுவனம், எதற்கும் ஆதாரமில்லை. ஈரம் பட்ட சோளத்தில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நாயின் ஈரலைக் காலி செய்துவிடும். வேகவைத்தாலும் போகாது.

பை தொடர்பாகத் தகராறு வந்தால் பில், பேட்ச் எண் தெரியும் படம், மீதி உணவு, மருத்துவர் சீட்டு நான்கும் வேண்டும். மீதியைக் கோபத்தில் குப்பையில் கொட்டிவிடாதீர்கள், கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். உணவைச் சோதிக்க வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. எவ்வளவு மாதிரி, எந்தச் சோதனைக்கு என்ன கட்டணம் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

9. மாற்றுவதும், அலர்ஜிச் சோதனையும்

சாதாரணமாகப் பை மாற்ற 7 முதல் 10 நாள். முதலில் கால்வாசி புதியது, பிறகு அரை, பிறகு முக்கால், பிறகு முழுதும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும். உடனே "இந்தப் பை ஒத்துக்கலை" என்று அடுத்த பைக்குத் தாவுவீர்கள், அதுவும் அப்படியே ஆகும்.

அலர்ஜி சந்தேகம் என்றால் கடையில் பை தேடி அலையாமல் மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரோமம், எச்சில், ரத்தம் எடுத்து உணவு அலர்ஜியைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சோதனைகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நம்பகமான வழி ஒன்றுதான்: குறைந்தது 8 வாரம், மருத்துவர் சொல்லும் ஒரே உணவு. கடைப் பைகளில் "ஒரே இறைச்சி" என்று போட்டிருந்தாலும், முந்தைய பேட்ச் கோழியின் மிச்சம் அதே இயந்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரலாம். அதனால் எங்களுக்கு ஹைட்ரோலைஸ்டு புரதப் பை எழுதினார்கள். புரதத்தை உடலுக்கு அடையாளம் தெரியாத அளவுக்குத் துண்டாக்கிய உணவு அது. நான் முன்பு வாங்கியதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலை. முன்பு வீணாக்கிய பைகளின் காசுக்கு இதில் பாதிச் சோதனையை முடித்திருக்கலாம்.

8 வாரமும் வேறு எதுவும் வாயில் படக் கூடாது. எலும்பு இல்லை, முட்டை இல்லை, மோர் இல்லை. மெல்லும் வகைப் பூச்சி மாத்திரையிலும் இறைச்சி வாசனை இருக்கும், சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நாய்க்கான பற்பசையும் அப்படியே. எங்கள் சோதனை மூன்றாம் வாரத்தில் ஒருமுறை கெட்டது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் தினமும் காலையில் பாசமாக ஒரு சிக்கன் ஸ்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்றார். முதலிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதாகிவிட்டது.

ஆறாம் வாரம் பாதத்தில் புது வெள்ளை ரோமம் முளைத்திருந்தது. எட்டாம் வாரம் முடிந்ததும் மருத்துவர் ஒரு கடைசி வேலை சொன்னார்: பழைய கோழியை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குணமானதற்குக் காரணம் உணவா, பருவம் மாறியதா என்று தெரியாது. மனசே வரவில்லை. வேகவைத்த கோழி இரண்டு துண்டு, தினமும். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் காதைச் சொறிந்து தலையை உதறும் சத்தம் கேட்டு எழுந்தேன். காலையில் கோழியை நிறுத்தினோம். வாட்ச்மேன் அண்ணனிடம் இப்போது நாங்களே எண்ணிக் கொடுத்த உருண்டைகள் ஒரு டப்பாவில் இருக்கின்றன, நாளுக்குப் பத்து.